சாயங்காலம் ஆனால் கண் இமை தொங்குகிறதா?

காலையில் எழுந்து காபி போட்டு, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி அனுப்பும்வரை ஒரு குறையும் இல்லை. பத்து மணிக்குத் துணி உலர்த்தப் போனால் கை கனக்கிறது. இரண்டு துணி கொடியில் போட்டதுமே கையைக் கீழே இறக்கி நிற்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் ஒரு டி.வி. இரண்டாகத் தெரிகிறது! ஒரு பக்க இமை பாதி மூடிக்கொள்கிறது. ‘என்னம்மா, அதுக்குள்ளே தூக்கமா?’ என்று மகன் கேலி செய்கிறான். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால், மறுநாள் காலை எல்லாம் சரி.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால், ‘ரத்தசோகையா இருக்கும்’, ‘வயசாகுதில்ல’ என்று தள்ளிவிடாதீர்கள். அசதி என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் என்று அர்த்தமில்லை. அசதி வேறு, தசை பலமிழப்பது வேறு. உபயோகிக்க உபயோகிக்கத் தசை சோர்ந்துபோய், ஓய்வு கொடுத்ததும் மறுபடி பலம் வந்தால், அது மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயின் முத்திரை. வாயில் நுழையாத பெயர்தான். தசைச்சோர்வு நோய் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1980களில் வந்தது இதுதான். அதற்குப் பிறகு அவர் எத்தனை படங்கள் நடித்தார் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் பயப்படாமல் மேலே படியுங்கள்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நரம்பும் தசையும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. ‘கையைத் தூக்கு’ என்று மூளை போடும் உத்தரவு நரம்பின் நுனிவரை மின்சாரமாக வருகிறது. அங்கிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் புறப்பட்டு, இடைவெளியைத் தாண்டி, தசையின் மேல் இருக்கும் வாங்கிகளில் போய் உட்காருகிறது. உடனே தசை சுருங்குகிறது. இந்த நோயில், கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்புப் புரதங்களே ஆள் தெரியாமல் அந்த வாங்கிகளை அடைத்து, அழித்தும்விடுகின்றன. உத்தரவு ஒழுங்காக வருகிறது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் போதவில்லை! முதல் சில அசைவுகளுக்கு ரசாயனம் தாராளமாக இருப்பதால் சமாளித்துவிடும். போகப் போக அது குறையும்போது தசை மக்கர் பண்ணுகிறது. வலி இருக்காது, மரத்துப்போகாது. அதனால்தான் பலர் டாக்டரிடம் போகவே யோசிக்கிறார்கள்.

பெண்களுக்குப் பெரும்பாலும் 40 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 60-ஐத் தாண்டியும் வருவது வழக்கம். பரம்பரையாக வருவதோ, ஒட்டிக்கொள்வதோ இல்லை.

இதற்கு மருந்து பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1934-ல் லண்டன் கிரீன்விச்சில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், இந்த நோயாளிகளின் நிலைமை குராரே என்ற அம்பு விஷம் ஏறியவர்களுடையதைப் போலவே இருப்பதை யோசித்தார். அப்படியானால் அந்த விஷத்துக்கான மாற்று மருந்தையே கொடுத்தால் என்ன? ஃபைசோஸ்டிக்மைன் ஊசி போட்டார். தொங்கிய இமை கொஞ்ச நேரத்தில் மேலே ஏறிவிட்டது! இன்றைக்குக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மைன் மாத்திரை அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

நோயோடு வாழ்கிறவர்களைக் கேட்டால், நோயைவிட மற்றவர்களின் பேச்சுதான் அதிகம் வலிக்கிறது என்பார்கள். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். காலையில் வேலை செய்தவர் சாயங்காலம் முடியவில்லை என்றால், ‘மாமியார் வந்தா மட்டும் முடியாம போயிடுதாக்கும்’ என்று பேச ஆள் இருக்கிறது. தலை பின்னக் கையைத் தூக்கினால் பாதியில் விழுகிறது. இட்லி இறங்குகிறது, சப்பாத்தி என்றால் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்ல வேண்டும். பேசப் பேசக் குரல் மூக்கால் வருகிறது. சிரித்தால் சீறுவது மாதிரி இருப்பதால் போட்டோ என்றாலே ஒதுங்குகிறவர்கள் உண்டு. போதாக்குறைக்கு, டாக்டரைப் பார்க்கப் போவது காலையில், ஓய்வெடுத்த பிறகு! அங்கே இமை கம்பீரமாக நிற்கும். ‘எல்லாம் மனசுதான்’ என்று தூக்க மாத்திரையோடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

இதற்குச் சுலபமான வழி, காலையில் ஒன்றும் ராத்திரியில் ஒன்றுமாக முகத்தை செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதுதான். நரம்பியல் நிபுணரிடம் அதைக் காட்டுங்கள். பாதி விஷயம் அவருக்கு விளங்கிவிடும். துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை மூடிய இமை மேல் இரண்டு நிமிஷம் வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சியில் இமை ஏறினால் சந்தேகம் வலுக்கும். பிறகு ரத்தப் பரிசோதனை, நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் சோதனை, நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் 100 பேரில் 10 முதல் 15 பேருக்குக் கட்டி இருக்கும் என்பதால்தான் இந்த ஸ்கேன். கட்டி இல்லாத சிலருக்கும் தைமஸை எடுத்துவிட்டால் நல்ல குணம் தெரிகிறது என்று 2016-ல் வெளியான பெரிய ஆய்வு உறுதி செய்தது.

மாத்திரை வேலை செய்ய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று, நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட்டுக்கொண்டால் மென்று விழுங்குவது சிரமமாகாது. வயிற்றைப் பிசைவது, எச்சில் ஊறுவது சகஜம். ஸ்டீராய்டு மாத்திரையும் தருவார்கள். அது ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பலவீனம் கூடலாம். ‘மருந்து ஒத்துக்கலை’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். 2017 முதல் வந்திருக்கும் புது ஊசிகள் நல்லவைதான். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்!

வீட்டு வேலைகளில் கனமானதை மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்குவது உட்கார்ந்தே நடக்கட்டும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல் வேண்டாம். சூடு இந்த நோய்க்கு ஆகாது.

உஷார்… மூச்சு!

எப்போதும் பலவீனமாக இருப்பது கண்ணும் கையும் மட்டும் என்றால் வண்டி ஓடிவிடும். மூச்சு விடும் தசை சோர்ந்தால்தான் ஆபத்து. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, இருமக்கூட பலமில்லாமல் போவது, தண்ணீர் மூக்கில் ஏறுவது எல்லாம் அபாய மணி. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 20-ஐத் தொடவே திணறினால் ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்று காத்திருக்காமல், வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விரலில் மாட்டும் கருவி 98 காட்டுகிறதே என்று ஏமாறக் கூடாது. இந்த நோயில் ஆக்ஸிஜன் அளவு கடைசி நேரத்தில்தான் இறங்கும்.

இந்த நிலைமை பெரும்பாலும் காய்ச்சல், சளியோடு வரும். அல்லது ஒத்துக்கொள்ளாத மருந்தால் வரும். ஜென்டமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், அசித்ரோமைசின், ப்ரொப்ரனலால், மெக்னீஷியம் ஊசி… மற்றவர்களுக்குச் சாதாரணமான இவை எல்லாம் இவர்களுக்கு வம்பு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்குகிற பழக்கத்துக்கு இந்த வீட்டில் இடமே கிடையாது. நோயின் பெயர், சாப்பிடும் மருந்து, தவிர்க்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.

‘கல்யாணம், குழந்தை எல்லாம்…?’ என்று இழுப்பவர்கள் நிறைய. தாராளமாக! ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே நரம்பியல் நிபுணரைப் பார்த்து மருந்துகளைச் சரி செய்துகொள்ள வேண்டும். சில மருந்துகள் சிசுவுக்கு ஆகாது. பிரசவம், குழந்தைகள் நல டாக்டரும் இருக்கிற ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். தாயின் எதிர்ப்புப் புரதம் ரத்தம் வழியாகப் போவதால், 100-ல் 10 முதல் 20 குழந்தைகள் பால் குடிக்க, அழக்கூடத் தெம்பில்லாமல் பிறக்கலாம். சில வாரங்களில் அது தானாகவே சரியாகிவிடும்.