மாத்திரையும் மூன்று வாரமும்

சென்ற பருவத்தில், மனச்சோர்வுக்கென மருத்துவர் தந்த மாத்திரைகளை ஏழாம் நாளே குப்பைக் கூடையில் எறிந்துவிட்டார் என் அறைத் தோழர். "ஒரு பயனும் இல்லை, வயிற்றைப் புரட்டுவதுதான் மிச்சம்" என்றார். விலங்கியல் மாணவனாகிய எனக்கு அன்று தக்க விடை கூறத் தெரியவில்லை. பின்னர் நூலகத்தில் தேடிப் படித்ததை எழுதுகின்றேன்.

செரட்டோனினை 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவர் குருதியிலிருந்து பிரித்தெடுத்தனர். குருதிக் குழாய்களைச் சுருக்கும் பொருளாகவே அதனை முதலில் அறிந்தனர். மூளையிலும் அஃது உண்டென்பது 1953இல் வெளிவந்தது.

மூளையில் நரம்பணுக்களுக்கு நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஓர் அணு செரட்டோனினைச் சொரிய, அடுத்தது அதனை உணர்கிறது. பின்பு, பந்தியில் பரிமாறியவரே மிஞ்சியதை அடுக்களைக்கு எடுத்துச் செல்வதுபோல, சொரிந்த அணுவே அதனை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புளுவாக்சிட்டின் போன்ற மருந்துகள் இவ்வழியை அடைக்கின்றன. செரட்டோனின் இடைவெளியில் நெடுநேரம் தங்குகிறது. உடலின் செரட்டோனினில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. தோழரின் வயிறு புரண்டதில் வியப்பென்ன?

இவ்வடைப்பு சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடும். மனம் தெளியவோ வாரங்கள் பல ஆகின்றன. ஏன்? சொரியும் அணுவிலேயே செரட்டோனினின் அளவை உணரும் ஏற்பிகள் உள்ளன. அளவு மிகுந்ததும் அவை 'போதும்' என்று தடுக்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் அவற்றின் கூர்மை மழுங்க, தடை தளர்கிறது. நரம்பணுக்களிடையே புதிய இணைப்புகள் தோன்றவும் காலம் வேண்டுமெனக் கருதுவோர் உளர்.

செரட்டோனின் குறைந்தால் சோர்வு, கூட்டினால் மகிழ்ச்சி என்னும் எளிய கணக்கை நான் நம்பவில்லை. அஃது உண்மையாயின் தோழர் முதல்நாள் மாலையே பாடியிருக்க வேண்டும்! அக்குறைவுக்கு உறுதியான சான்றில்லை என்றே 2022இல் வெளிவந்த மதிப்பாய்வொன்றும் கூறிற்று. மருந்தால் பயனில்லை என்பது அதன் பொருளன்று.

நம் வயதினர்க்கு ஒன்று: 25 வயதுக்குட்பட்டோருள் சிலருக்குத் தொடக்க வாரங்களில் படபடப்பும் தற்கொலை எண்ணமும் மிகலாம். அதனை மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாள்பட உண்டவர் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் உறக்கக்கேடும் வரும்; மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

தோழர் மீண்டும் மருத்துவரிடம் சென்றார். நானும் உடன் சென்றேன். தட்டில் என்ன விழுந்தது என்றே பாராதிருந்தவர், ஐந்தாம் வாரத்தில் ஒருநாள், "இதற்குப் பெயர் சாம்பாரா?" என்று விடுதிச் சமையற்காரரோடு வழக்காடத் தொடங்கினார்.