மரவள்ளியில் மாவுப்பூச்சி: மருந்தா, குளவியா, கத்தரியா?

மாவுப்பூச்சிக்கு எந்த மருந்து நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இரண்டு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. வந்திருப்பது எந்த மாவுப்பூச்சி? பயிருக்கு எத்தனை மாதம்? இது தெரியாமல் கடைக்குப் போனால், அன்றைக்கு அலமாரியில் எந்த பாட்டில் முன்னால் நிற்கிறதோ அதுதான் வைத்தியம்.

மரவள்ளிக் காட்டில் இப்போது பெரும்பாலும் காண்பது இரண்டு வகை. ஒன்று, 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி. மற்றது 2020இல் கேரளத்துத் திருச்சூரில் கண்டறியப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். ஒரு பூச்சியின் மேல் படிந்த மாவை ஊசி முனையால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். உடல் மஞ்சளாக இருந்தால் பப்பாளிப் பூச்சி, இளஞ்சிவப்பாக இருந்தால் மரவள்ளிப் பூச்சி. லென்ஸ் இல்லாதவர்கள் செடியையும் வேலியையும் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். நுனி இலைகள் விரியாமல் கொத்தாகச் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, தண்டு கோணிக்கொண்டு நின்றால் மரவள்ளிப் பூச்சி என்று சந்தேகப்படலாம். பக்கத்துப் பப்பாளி, செம்பருத்தி, வரப்போரப் பார்த்தீனியம் எல்லாவற்றிலும் பஞ்சு அப்பியிருந்தால் அது பெரும்பாலும் பப்பாளிப் பூச்சியாக இருக்கும். மரவள்ளிப் பூச்சி மரவள்ளியை விட்டு அவ்வளவாக வெளியே போவதில்லை.

இந்த வித்தியாசத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஆப்பிரிக்காவில் இதே இடத்தில்தான் ஆராய்ச்சியாளர்களே தடுமாறினார்கள். 1970களில் காங்கோ பகுதியில் நுழைந்த மரவள்ளிப் பூச்சிக்கு இயற்கை எதிரி தேடி தென் அமெரிக்காவுக்குப் போனார்கள். முதலில் அவர்கள் கண்டது அச்சு அசலாக இதைப் போலவே இருந்த வேறொரு இனம். அதன் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. 1981இல் பராகுவேயில் சரியான பூச்சியைக் கண்டுபிடித்த பிறகே அதற்குரிய குளவி, அனாகைரஸ் லோபெஸி, கையில் சிக்கியது. அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் ஊரிலும் அதே கதைதான். பப்பாளிப் பூச்சியை அடக்க 2010இல் வரவழைத்த அசிரோபேகஸ் குளவி அந்தப் பூச்சியை நன்றாகவே அடக்கியது. மரவள்ளிப் பூச்சிக்கு அது உதவாது. அதற்கு லோபெஸிதான் வேண்டும்.

இனி செலவுக் கணக்கு. என்னைக் கேட்டால், முதல் ரூபாய் குச்சிக்குத்தான். மரவள்ளிப் பூச்சி தானாகப் பறந்து மாவட்டம் தாண்டுவதில்லை. குஞ்சுகள் காற்றில் கொஞ்ச தூரம் போகும், மிச்சப் பயணமெல்லாம் விதைக்குச்சிக் கட்டோடு லாரியில்தான். முள்ளுவாடி வேண்டும், தாய்லாந்து ஒயிட் வேண்டும் என்று ரகத்தைத் துருவித் துருவிக் கேட்கிறவர்கள், குச்சி வெட்டிய காட்டில் நுனி சுருண்டிருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பூச்சி இல்லாத காட்டுக் குச்சியாகப் பார்த்து வாங்குங்கள். நடுவதற்கு முன் பரிந்துரைத்த மருந்துக் கரைசலில், உதாரணமாகத் தயாமீத்தாக்சம், பத்து நிமிடம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி நடுங்கள். அளவை ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் அலுவலரிடமோ கேட்டுக்கொள்ளலாம். கையுறை கட்டாயம். மீந்த கரைசலை வாய்க்காலில் ஊற்றக்கூடாது. ஏக்கர் முழுக்க ஒருமுறை மருந்தடிப்பதோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் மருந்து கொஞ்சம்தான். பயிர் இளசாக இருக்கும் முதல் வாரங்களைக் காப்பாற்றிக் கொடுக்கும். தாய்லாந்தில் 2008இல் இந்தப் பூச்சி புகுந்தபோது அவர்களும் குச்சியை மருந்தில் ஊறவைத்தார்கள், கூடவே ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து லோபெஸிக் குளவியையும் கொண்டுவந்தார்கள். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கவில்லை.

தை, மாசியில் நட்ட இறவைப் பயிர் சித்திரை வெயிலில் இரண்டு, மூன்று மாதத்துப் பயிராக நிற்கும். பூச்சி பெருகுவதும் அந்த வெயிலில்தான். மரவள்ளிப் பூச்சி ஆண் துணை இல்லாமலேயே முட்டையிடும் இனம், ஒரு பூச்சி தப்பினாலும் போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளில் மட்டும் நுனி சுருண்டிருந்தால் கத்தரியே போதுமானது. நுனியை வெட்டிச் சாக்கில் போட்டுக் கட்டி எரித்துவிடுங்கள். வெட்டியதை வரப்பில் வீசுவது வெட்டாமல் விட்டதற்குச் சமம். காடு முழுக்கப் பரவிய பிறகு கத்தரியை எடுத்தால் கூலிதான் மிச்சம்.

கத்தரிக்கு அடங்காத, ஆனால் இன்னும் கைமீறாத நிலைக்கு வேப்பங்கொட்டைச் சாறு (100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு) அல்லது மீன் எண்ணெய் சோப்பு. இவை இளங்குஞ்சுகளைக் கொல்லும். முட்டைப் பைக்குள் இருப்பது தப்பிவிடும் என்பதால் ஒருமுறையோடு நிறுத்த முடியாது. இலைக்கு மேலே தெளித்துவிட்டு வேம்பு கேட்கவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. சுருண்ட நுனிக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும்.

ரசாயன மருந்தை நான் அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. இரண்டு முதல் நாலு மாதப் பயிரில், மழைக்கு வழியில்லாத கோடையில், பாதிக்கு மேல் நுனிகள் சுருண்டு, குளவியும் கிடைக்காதபோது ஊடுருவிப் பாயும் மருந்து ஒருமுறை தேவைப்படலாம். ஊடுபயிராகச் சின்ன வெங்காயமோ உளுந்தோ இருந்தால் அதன் அறுவடை நாளையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஐந்து மாதம் தாண்டிய பயிருக்கு பவர் ஸ்பிரேயரைத் தூக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. செடி ஆள் உயரம் வளர்ந்துவிடும், மருந்து நுனிக்குப் போவதை விட ஆள் மேல் விழுவதே அதிகம். போதாததற்கு, மழை பிடித்தால் பாதிப் பூச்சி தானே கழுவிக்கொண்டு போகும்.

மருந்தடித்தால் போவது பூச்சி மட்டுமல்ல. நுனியில் வெள்ளை நூல் நூலாகத் தொங்கும் உடலோடு, மாவுப்பூச்சியை விடப் பெரிதாக, விறுவிறுவென்று நடக்கும் ஒன்றைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்று வளர்வது. 1898இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த வண்டு. பூச்சி மண்டிக் கிடக்கும் இடத்தில் நன்றாக வேலை செய்யும், பூச்சி குறைந்ததும் வேறு காடு தேடிப் போய்விடும்.

குளவி அப்படிப் போகாது, அதனால்தான் என் ஓட்டு அதற்கு. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு மையம் 2021இல் பெனினிலிருந்து லோபெஸியை வரவழைத்து, சோதித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் முதன்முதலாக விடுவித்தது. எறும்பை விடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் ஒரு முட்டை இடும். புழு உள்ளிருந்தே தின்று முடிக்க, பூச்சி பழுப்பேறி, உப்பி, கெட்டியாகிப் போகும். மூன்று வாரத்துக்குள் அதில் ஒரு வட்ட ஓட்டை விழும், குளவி வெளியே வந்துவிட்டது என்று பொருள். இப்படிப் பழுப்பேறிய பூச்சிகள் நுனியில் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டால் எந்தக் காரணத்துக்கும் மருந்தடிக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் இன்னொன்றும் பார்த்தார்கள்: எருவும் மூடாக்கும் இல்லாத வெறும் மணல் நிலத்தில் மாவுப்பூச்சி சிறுத்துப்போக, அதிலிருந்து ஆண் குளவிகளே அதிகம் பிறந்து குளவிக் கூட்டம் தேயத் தொடங்கியது. தொழுவுரம் போடுவது கிழங்குக்கு மட்டுமல்ல, குளவிக்கும் சேர்த்துத்தான்.

குளவி வாங்க நினைப்பவர்கள் பூச்சி தெரிந்த உடனே ஏத்தாப்பூர் நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள், எல்லோரும் ஒரே மாதத்தில்தான் கேட்பார்கள். வாங்கி வரும்போது குப்பியை வெயிலில், வண்டியின் முன்பெட்டியில் வைக்காதீர்கள். அன்றைக்கே காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ, சுருண்ட நுனிகளுக்குப் பக்கத்தில் திறந்து விடுங்கள். எறும்பு மொய்க்கும் செடியில் விடாமல் வேறு செடி பாருங்கள். தேன் போன்ற கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், குளவியை அண்ட விடாது.