மகள் படிப்புக்குக் கடன்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு



சென்ற கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "மக பி.ஏ. முடிச்சிட்டா. மனநல சமூகப்பணி மேல்படிப்பு படிக்கணுங்கிறா. ரெண்டு வருசத்துக்கு மூணு லட்சமாம். கடன் வாங்கலாமாக்கா?"

"பொம்பளைப் பிள்ளைக்கு அந்த வேலை எதுக்கு?" என்றது ஒரு குரல். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காரணம் இருக்கிறது. தம்பி பிறந்தபின் அம்மா ஆறு மாதம் யாரோடும் பேசாமல், தூங்காமல் கிடந்தார். கோயில் கோயிலாக அலைந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

ஆசை நல்லது. ஊருக்கும் இந்த வேலைக்கு ஆள் தேவை. ஆனால் ஆள் தேவை என்பது வேறு, கடனைக் கட்டுமளவு சம்பளம் கிடைப்பது வேறு. கடன் பத்திரத்தில் அம்மாவோ அப்பாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் மூன்று கேள்விகளைப் பார்ப்போம்.

1. எந்தப் படிப்புக்கு எந்த வேலை?

உளவியலில் பட்டம் வாங்கினாலே மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். சமூகப்பணிப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. முடித்தால் மாவட்ட மனநலத் திட்டம், மறுவாழ்வு இல்லம், தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் வேலை தேடலாம். அதற்கு மேல் எம்.பில். கேட்கும் வேலைகளும் உண்டு. மாவட்டத் திட்ட வேலைகள் பலவும் ஒப்பந்த வேலைகள்.

இன்னொன்று. உளவியலைத் தபால் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. யாராவது "வீட்டிலிருந்தே படிக்கலாம், சேருங்க" என்றால் பணம் கட்டாதீங்க.

2. மூணு லட்சம் எவ்வளவாக வளரும்?

வட்டி வருசத்துக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நம்ம கணக்கில் நூத்துக்கு மாதம் 83 பைசா. வங்கி வருசத்துக்கு 1,50,000 வீதம் கல்லூரிக்குக் கட்டுகிறது. படிக்கும் 2 வருசம், வேலை தேட 1 வருசம், ஆக 3 வருசம் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் 1,50,000-க்கு 3 வருச வட்டி: 45,000
அடுத்த 1,50,000-க்கு 2 வருச வட்டி: 30,000
தவணை தொடங்கும்போது கடன்: 3,75,000

இதை 7 வருசத்தில் கட்டினால் மாதம் சுமார் 6,225 ரூபாய். மொத்தம் சுமார் 5,23,000. 10 வருசம் என்றால் மாதம் சுமார் 4,956தான், ஆனால் மொத்தம் சுமார் 5,95,000. தவணை குறைந்தது என்று சந்தோஷப்பட்டால் 72,000 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

3. சம்பளம் தாங்குமா?

கையில் வரும் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது. 6,225 கட்ட வேண்டுமானால் சம்பளம் சுமார் 25,000 வேண்டும். 15,000 மட்டும் கிடைத்தால்? விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போக மீதி என்ன? தவணையை அம்மாதான் கட்ட வேண்டிவரும்.

சம்பளம் எவ்வளவு என்று கல்லூரி விளம்பரத்தைக் கேட்காதீங்க. அதே படிப்பைச் சமீபத்தில் முடித்த மூன்று பேரைத் தேடிப் பிடித்துக் கேளுங்க: வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது? முதல் சம்பளம் எவ்வளவு? வேலை நிரந்தரமா?

சுமையைக் குறைக்க

* முதலில் அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகத் துறைகளில் விண்ணப்பியுங்கள்.
* 4 லட்சம் வரையான கல்விக்கடனுக்கு, வங்கிகளின் மாதிரித் திட்டப்படி சொத்து அடமானம் தேவையில்லை. வட்டி மானியம் இந்தப் படிப்புக்கும் கல்லூரிக்கும் உண்டா என்று வங்கியில் கேளுங்கள்.
* படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவாங்க.
* குழுக்கடனையோ நுண்கடனையோ கட்டணத்துக்குத் திருப்பாதீங்க. அந்தத் தவணை அடுத்த மாதமே தொடங்கும். பிள்ளை சம்பாதிக்க மூணு வருசம் ஆகும்.

நம்ம உறுப்பினர் என்ன செய்தார்? மகளோடு போய் மூன்று பேரைக் கேட்டார். இருவருக்கு முதல் சம்பளம் 15,000-க்குக் கீழே. வீட்டில் கணக்குப் போட்டு, தனியார் கல்லூரியை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத் துறையில் சேர்த்தார். விடுதியையும் சேர்த்து வருசம் 60,000 வீதம் கடன் 1,20,000. முதல் வருசம் மாதம் 500, பிறகு 1,000 என்று வட்டியைக் கட்ட முடிவு செய்திருக்கிறார். அப்படிக் கட்டிவந்தால் பின்னால் 7 வருசத்துக்குத் தவணை சுமார் 1,992 ரூபாய்தான்.

"சம்பளம் கம்மின்னாலும் இந்த வேலைதான் செய்வேம்மா" என்றாளாம் மகள். கடன் கழுத்தை நெரிக்காமல் இருந்தால்தான் அந்தச் சொல்லை அவளால் காப்பாற்ற முடியும்.

குழுவில் பேச: உங்கள் குழுவில் யார் வீட்டுப் பிள்ளை மேல்படிப்புக்குக் காத்திருக்கிறது? அடுத்த கூட்டத்தில் அந்தப் பிள்ளையையும் அழைத்து உட்கார வைத்து, இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள்.