குதிரைத்திறனும் கடற்காற்றும்

சென்ற விடுமுறையில் என் மாமா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் இராமநாதபுரத்திலிருந்து அந்தமானுக்குக் குடியேறியவர்; வண்டி பழுதுபார்த்துப் பிழைப்பவர். அவருடைய கொட்டகையில் பழைய காண்டெசா கார் ஒன்று நிற்கிறது. எட்டு வயதில் நான் கப்பலை விட்டு இறங்கிய அன்று எங்களை வீட்டுக்கு ஏற்றிச் சென்ற வண்டி அதுதான். "எம்.எஸ்ஸி. படிக்கிறியே மாப்ளே, இதுக்குப் பெரிய எஞ்சின் போடலாமா, இல்லே இரும்புக்கடைக்கு எடை போடலாமா? கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார்.

காண்டெசாவை நம் நாட்டு 'மசில் கார்' என்று அழைப்போர் பலர். அப்பெயர் அதற்குப் பொருந்துமா என்பதை முதலில் ஆராய்வோம்.

அமெரிக்காவில் 1964இல் வெளிவந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. என்ற வண்டியையே இவ்வினத்தின் முன்னோடியாகப் பலரும் கொள்வர். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எந்திரம் கூடாதென்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் விதி. பாண்டியாக் பொறியாளர்களோ 389 கன அங்குல எந்திரத்தை, 'விரும்புவோர்க்குக் கூடுதல் இணைப்பு' என்ற பெயரில் உள்ளே நுழைத்துவிட்டனர்! அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். அக்காலத்தில் விசிறி, ஒலியடக்கி முதலியவற்றைக் கழற்றி வைத்து எந்திரத்தை அளந்தார்கள். 1972 முதல் அவற்றோடு சேர்த்தே அளந்தமையால் எண்கள் சுருங்கின. ஆகவே பழைய எண்களைக் கண்டு மயங்கிவிடலாகாது.

இவ்வண்டிகளின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? வேகத்தில் என்பர். நான் முறுக்குவிசையில் என்பேன். பெரிய உருளை ஒவ்வொரு முறையும் மிகுதியான காற்றையும் பெட்ரோலையும் விழுங்குகிறது. ஆதலால் எந்திரம் மெதுவாகச் சுழலும்போதே சக்கரத்தைப் பலமாகத் திருப்புகிறது. இருக்கை நம் முதுகைத் தள்ளுவது அதனால்தான். அந்த உறுமலுக்கும் கணக்கு உண்டு. எட்டு உருளைகளும் சேர்ந்து 90 பாகைக்கு ஒருமுறை ஒழுங்காகவே வெடிக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்து நான்கை மட்டும் எடுத்துக்கொண்டால் இடைவெளி 90, 180, 270, 180 என்று ஏறி இறங்கும். பக்கத்துக்கு ஒன்றாகப் புகைக்குழாய் இருந்தால் அந்தத் தாளப்பிசகு அப்படியே செவியில் விழும். தவில் கேட்டு வளர்ந்த நமக்கு அது பிடித்துப்போவதில் வியப்பென்ன?

இனிக் காண்டெசாவுக்கு வருவோம். பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் வண்டியின் வடிவத்தைக் கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை 1984 முதல் உத்தர்பாராவில் செய்தது. நீண்ட மூக்கு, பின்சக்கர இயக்கம். தோற்றத்தில் அமெரிக்கச் சாயல். உள்ளே இருந்ததோ அம்பாசிடரின் 1489 கன செ.மீ. எந்திரம், சுமார் 50 குதிரைத்திறன். புலித்தோல் போர்த்த பசு எனலாம். பின்னர் இசுசுவின் 1.8 லிட்டர் எந்திரமும் ஐந்து கியரும் வந்த பிறகே அதற்கு ஓட்டம் பிறந்தது. 2002இல் உற்பத்தி நின்றது. மாமாவின் வண்டி இசுசு எந்திரம் கொண்டது.

வேகத்துக்கு இத்தீவில் இடமுண்டா? 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து வடக்கே சென்றால், ஜிர்காடாங்கில் வண்டிகள் அணிவகுத்து நிற்கவேண்டும். அங்கிருந்து ஜாரவா மக்களின் காப்புக்காட்டின் வழியே மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லாமல், முந்தாமல், நிற்காமல் போகவேண்டும். 325 குதிரைகளும் அங்கே வரிசையில்தான் நடக்கும்.

அதைவிடப் பெரிய பகை கடற்காற்று. அதிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்க்கிறது. உப்புக் கலந்த ஈரம் மின்பகுபொருளாகி இரும்பை அரிக்கிறது. காண்டெசாவுக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே அதன் எலும்பு. நான் வண்டிக்கு அடியில் படுத்து, கதவுக்குக் கீழுள்ள விளிம்பைத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். வலப்புறம் உறுதியாக இருந்தது. இடப்புறம் திருப்புளி பிடிவரை உள்ளே போயிற்று.

"பெரிய எஞ்சின் வேண்டாம் மாமா. தள்ளுற விசை கூடினா இந்த உடம்பு தாங்காது. இருக்கிற எஞ்சின் போதும். இடப்பக்கத்தை வெட்டிப் புதுத் தகடு வைக்கணும்" என்றேன்.

மாமா சற்று நேரம் பேசவில்லை. பெரிய எந்திரம் அவருடைய நெடுநாள் ஆசை. பிறகு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, வெட்டவேண்டிய இடத்தைத் தாமே கோடிட்டார். தகடு சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும்.