ஈடேற்றம் என்னும் சொல்



"அய்யா, எங்களை ஈடேற்றித் தரணும்" என்று நிழல்தாங்கலில் வேண்டிக்கொள்வது அன்புக்கொடி மக்களின் வழக்கம். மகள் கல்யாணம் கைகூடினாலும் "எண்ணம் ஈடேறியது" என்பர். பிறவிக் கடலைக் கடந்து கரைசேர்வதையும் ஈடேற்றம் என்பர். இரண்டும் சரியான வழக்கே. ஆனால் சிலர் இச்சொல்லை மரணத்துக்குப் பின் நடக்கும் காரியமாக மட்டும் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

சொல்லைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஈடேறு என்பது தன்வினை. ஈடேற்று என்பது பிறவினை. ஏறுகிறவர் பக்தர், ஏற்றுகிறவர் அய்யா. 'ஏற்றம்' என்ற பெயரோ இரண்டுக்கும் பொது. விலையேற்றம் என்றால் விலை ஏறுவது. பதியில் கொடியேற்றம் என்றால் கொடியை ஏற்றுவது. ஆகவே ஈடேற்றம் என்று சொல்லும்போதே இருவர் வேலையும் அதில் அடங்கிவிடுகிறது.

மீட்பு என்ற சொல் அப்படியல்ல. அடகு வைத்த நகையைப் பணம் கட்டி மீட்கிறோம். அதில் நகைக்கு ஒரு வேலையும் இல்லை.

அய்யா வைகுண்டர் மக்களை நகைபோல் மீட்கவில்லை. வாகைப்பதியில் எழுநூறு குடும்பத்தார் துவையல் தவசு இருந்தபோது வழியைக் காட்டியவர் அய்யா. கடலில் குளித்ததும், உடுத்த துணியைத் துவைத்ததும், எளிய உணவில் நாள் கழித்ததும் அவர்களே. தவசு என்றால் காட்டுக்குப் போவது என்றிருந்த நாட்டில், குடும்பத்தோடு துணி துவைப்பதும் தவசானது! சுவாமித்தோப்பு முத்திரிக் கிணற்றிலும் அப்படித்தான்: சாதி பாராமல் ஒரே நீரில் குளிக்க அய்யா வழிசெய்தார், பழைய அச்சத்தை விட்டுக் கிணற்றடிக்கு வர வேண்டியவர்கள் மக்கள்.

தலைப்பாகையே இதற்குப் பெரிய சாட்சி. அக்காலத் திருவிதாங்கூரில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியார் தலைப்பாகை கட்டக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. தலைக்கும் வரி, உழைப்புக்கோ கூலியில்லாத ஊழியம். அப்படிக் குனிந்தே பழகிய மக்களிடம், தலைப்பாகை கட்டி வந்து வழிபடுங்கள் என்றார் அய்யா. சொன்னது அவர். துணியை எடுத்துத் தலையில் சுற்றிய கை பக்தனுடையது. அந்தக் கை நடுங்காமலா இருந்திருக்கும்? மறைவுக்குப் பின் கிடைக்கப்போகும் பேற்றை நினைத்து அவன் காத்திருக்கவில்லை; அன்றைக்கே ஏறினான்.

பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பதை எல்லோரும் அறிவோம். அதன் முன்னே நிற்கிற ஆண்மகன் இன்றும் முதலில் காண்பது, தலைப்பாகை கட்டிய தன் தலையைத்தான்.