ஒரு சுழியின் அருமை

தீபாவளியன்று திரியில் நெருப்பு வைத்ததும் தம்பியைப் பார்த்து, "ஓடு!" என்று கூவுகிறோம். அந்த ஓசையைக் குறுக்கினால் பொருள் கெடும். சிவகாசித் தீப்பெட்டியிலுள்ள 'பெட்டி'யை நீட்டினாலோ, 'பேட்டி' ஆகிவிடும் அல்லவா?

பழைய ஓலைச்சுவடிகளில் இவ்வேறுபாடு தெளிவாக இல்லை. எகர, ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆனால், ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். ஆகவே 'எரி', 'ஏரி' இரண்டும் ஒரே வடிவில் நின்றன. நெருப்பா, நீரா என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டியிருந்தது.

இக்குறையை நீக்கியவர், 1680-இல் இத்தாலியில் பிறந்து, கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியிலும் இறைப்பணியாற்றிய வீரமாமுனிவர். நெடிலுக்குக் கொம்பின் மேலே சுழித்துக் காட்டினார். 'கெ' குறிலாகவும் 'கே' நெடிலாகவும் நிலைத்தன. ஆங்கில எழுத்திலோ 'எரி', 'ஏரி' இரண்டையும் இன்றும் ஒன்றுபோலவே எழுதுகிறோம்.

எங்களுள் சிலருடைய அன்னையர் பட்டாசு ஆலைக்குச் செல்பவர்கள். மாலையில் எங்களிடம் எழுத்துக் கற்கிறார்கள். ஆலைச் சுவரிலுள்ள எச்சரிக்கையைப் பிறர் உதவியின்றி வாசிக்க வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. கொம்பின் சுழியைத் தவறாமல் காட்டிக் கொடுக்கிறோம். சிறு சுழிதான், ஆயினும் அலட்சியம் செய்யோம்!