முதலில் காற்று, கடைசியில் ரீடு: பழைய ஆர்மோனியப் பெட்டியை மீட்கும் வழி

கொட்டாம்பட்டி, மேலூர், நத்தம், சிங்கம்புணரி வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் உண்டு. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திராவும் இன்றும் மேடையேறுகின்றன. மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரர் உட்கார்ந்து சுருதி கொடுத்தால்தான் ராஜபார்ட் வாய் திறப்பார். ஆனால் மின் கீபோர்டு வந்த பிறகு பழைய பெட்டிகள் பல பரணுக்குப் போய்விட்டன. மழை ஈரமும் பாச்சையும் அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்த்து, மறுபடி வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி.

வேலை முழுவதையும் ஆளும் விதி ஒன்றுதான்: காற்றிலிருந்து தொடங்குங்கள், ரீடைக் கடைசியில் தொடுங்கள். தோல் கிழிந்தால் வேறு தோல் ஒட்டலாம், மரம் உடைந்தால் வேறு மரம் வைக்கலாம். அரத்தால் தேய்த்த பித்தளை ரீடு திரும்ப வளராது. சுருதி சேரவில்லை என்று சொல்லப்படும் பெட்டிகளில் பலவற்றுக்கு உண்மையான நோய் காற்றுக் கசிவுதான்.

எதைச் சேர்ப்பது?

ஆர்மோனியம் பிறந்தது பாரிஸில். 1840களின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் டெபேன் அதற்குக் காப்புரிமை பெற்றார். கல்கத்தாவில் துவார்க்கின் நிறுவனத்தை நடத்திய துவாரகாநாத் கோஷ், தரையில் உட்கார்ந்து வாசிக்கத் தோதான கைப்பெட்டியை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கினார். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971 வாக்கில்தான் அது தளர்ந்தது. அந்தக் காலம் முழுக்கத் தமிழ்நாட்டில் இந்தக் கருவியைக் கைவிடாமல் காத்த இடங்களில் நாடக மேடை முதன்மையானது. அந்த மேடை மரபு தடைக்கு முன்பே வேரூன்றியது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாட, அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். நம் பக்கத்துப் பெட்டிகள் இந்த மரபின் சொத்து.

மூன்று வகைகள் உங்கள் கண்ணில் படலாம். முதலாவது, ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கும் கைப்பெட்டி. பஜனை மடங்களிலும் தேவாலயங்களிலும் கிடைக்கும். இரண்டாவது, இரண்டு மிதிகளைக் காலால் மிதித்து இரு கையாலும் வாசிக்கும் கால்பெட்டி. நாடகக்காரர்கள் விரும்பியது இதைத்தான். மூன்றாவது, பாரிஸின் காஸ்ரியல் போன்ற நிறுவனங்கள் செய்த மடிப்புப் பெட்டி. இது அரிது.

மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி ஊர்களின் நாடக நடிகர் சங்கங்களில் விசாரியுங்கள். ஓய்வுபெற்ற ஆர்மோனியக்காரர்களின் வீட்டுப் பரணில்தான் நல்ல பெட்டிகள் இருக்கும். விலை பேசும் முன் அந்தப் பெட்டி எந்தெந்த மேடையில் வாசிக்கப்பட்டது, யார் கையில் இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத பெட்டி பாதிப் பெட்டிதான்.

படி 1: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கரையான் மண்ணோ, உளுத்த மாவோ உதிர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள். மேல் உறை உளுத்திருந்தால் சமாளிக்கலாம். ரீடு பலகை உளுத்தோ பிளந்தோ இருந்தால் வாங்க வேண்டாம்.

அடுத்து, ரீடு வரிசைகளுக்குக் காற்று விடும் எல்லா ஸ்டாப்பையும் மூடி, துருத்தியை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். காற்றைத் தேக்கும் உள்துருத்தி மெதுவாக இறங்கினால் நல்லது. சட்டென்று சரிந்தால் கசிவு இருக்கிறது. அது குறையே தவிர, வாங்காமல் விடக் காரணமில்லை.

பிறகு ஒவ்வொரு ஸ்டாப்பாகத் திறந்து, எல்லாக் கட்டைகளையும் அமுக்கிக் கேளுங்கள். மூன்றரை ஆக்டேவ் பெட்டியில் 42 கட்டைகள் இருக்கும். பாஸ், மேல் என்று இரண்டு வரிசை என்றால் 84 ரீடுகள். பேசாத ரீடு, கரகரக்கும் ரீடு, சுருதி இறங்கிய ரீடு என்று மூன்று பட்டியல் போடுங்கள். பேசாதவற்றில் பல வெறும் தூசியால் அடைபட்டவை. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வெளிநாட்டுப் பழம்பெட்டிகளில் கட்டைகளின் மேல் தந்தம் பதித்திருக்கக்கூடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம். சந்தேகம் இருந்தால் விலகிவிடுங்கள். செல்லுலாய்டு பதித்த கட்டைகள் எளிதில் தீப்பிடிக்கும். அவற்றின் அருகே விளக்கோ சூட்டுக்கோலோ கொண்டுபோகக் கூடாது.

படி 2: பிரித்து, எண் போட்டு வைத்தல்

எந்தத் திருகாணியையும் கழற்றும் முன் நான்கு பக்கமும் கைபேசியில் படம் எடுங்கள். மேல் மூடி, ஸ்டாப்புப் பலகை, கட்டை வரிசை, ரீடு பலகை என்ற ஒழுங்கில் கழற்றி, ஒவ்வொன்றின் திருகாணிகளையும் தனித்தனிக் காகித உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கட்டைகளை எடுப்பதானால் இடமிருந்து வலமாக அடிப்பக்கத்தில் பென்சிலால் எண் போடுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒரு கட்டை இன்னொன்றின் இடத்தில் சரியாக உட்காராது.

உள்ளே பழைய சீட்டோ, செய்தவர் கையெழுத்தோ, பழுது பார்த்த தேதியோ இருந்தால் அதைத் துடைக்காதீர்கள். படம் எடுத்து, இருந்தபடியே விட்டுவிடுங்கள்.

படி 3: துருத்தி

வேலையின் பாதி நேரம் இங்கேதான் போகும், போக வேண்டும். இருட்டறையில் துருத்திக்குள் கைபேசி விளக்கை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகூடப் புள்ளியாக ஒளிரும். எங்கே ஓட்டை என்று பிடிபடாவிட்டால், பெட்டியை மூடிக் காற்றடைத்து, நனைத்த புறங்கையை மடிப்புகளின் ஓரமாக நகர்த்துங்கள். சில்லென்று படும் இடம்தான் கசிவு. பெரும்பாலும் மடிப்பின் மூலைகளில்தான் தோல் முதலில் வெடித்திருக்கும்.

தோலுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. பக்கத்திலேயே திண்டுக்கல் தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்ற ஊர். மெல்லிய, மடித்தால் சத்தம் போடாத ஆட்டுத்தோலாகக் கேட்டு வாங்குங்கள். செருப்புக்கான தடித்த தோல் உதவாது. மூலை அளவுக்கு வெட்டி, ஓரங்களைக் கத்தியால் சீவி மெலிதாக்கினால் மடிப்பு தடிக்காது.

ஒட்டுவதற்கு ஆசாரிகள் பயன்படுத்தும் வச்சிரம்தான் சிறந்தது. முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி இளக்குங்கள். கொதித்தால் பிடிப்பு போய்விடும். இதை விரும்பக் காரணம் உண்டு: நாளை வேறொருவர் பழுது பார்க்க நேர்ந்தால் ஈரமும் சூடும் காட்டி, மரம் நோகாமல் பிரிக்கலாம். செயற்கைப் பசையில் அந்த வசதி இல்லை.

கால்பெட்டியில் மிதியையும் துருத்தியையும் இணைக்கும் பட்டைகளைப் பாருங்கள். விடிய விடிய மிதிபட்டு முதலில் அறுவது அவைதான். இரண்டு பட்டையும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் காற்று விட்டு விட்டு வரும், பாட்டு தள்ளாடும்.

இந்த வேலையை ஆடியில் நாடகக் காலம் ஓய்ந்த பிறகு தொடங்கி, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடியுங்கள். ஈரக்காற்றில் வச்சிரம் காயாது.

படி 4: பேடும் ஸ்பிரிங்கும்

கட்டையை அமுக்காமலேயே ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருந்தால், அந்தக் கட்டைக்கு அடியில் இருக்கும் தோல் பேடு காற்றுத் துவாரத்தை மூடவில்லை என்று பொருள். தூசி, இறுகிப்போன தோல், பாச்சை அரித்த கம்பளம், தளர்ந்த ஸ்பிரிங் ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணம். தூசியைத் துடைத்துப் பாருங்கள். தோல் கல்லாகியிருந்தால் எடுத்துவிட்டு, சொரசொரப்பான பக்கம் பலகையைப் பார்க்குமாறு புதுத் தோல் ஒட்டுங்கள். அந்தப் பக்கத்தின் மென்மையான இழைகள்தான் காற்றை அடைக்கும்.

ஸ்பிரிங் மாற்றும்போது பழைய கம்பியின் அதே தடிமனில் வாங்குங்கள். தடித்த கம்பி போட்டால் ஆர்மோனியக்காரரின் விரல் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

இந்த நான்கு படிகளையும் முடித்துப் பெட்டியை மூடி, காற்றுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். உள்துருத்தி நின்று இறங்கும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 5: ரீடைச் சுத்தம் செய்தல்

ரீடு பலகையைத் திருப்பினால் பித்தளை ரீடுகள் வரிசையாகத் தெரியும். மென்மையான தூரிகையால், ஆணி அடித்த அடிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி மட்டும் துடையுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் ரீடின் அதிரும் நாக்கு வளையும். சிங்கம்புணரி பக்கம் கயிறு திரிக்கும் ஊர்களிலிருந்து வரும் பெட்டிகளில் தென்னைநார் இழை ஒன்று நாக்கின் இடுக்கில் சிக்கியிருப்பது உண்டு. மெல்லிய காகிதத்தை நுழைத்து எடுத்துவிடலாம்.

பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் ரீடைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். புளிப்பு உலோகத்தை அரிக்கும். நாக்கு இம்மி மெலிந்தாலும் சுருதி மாறும். ரீடு பளபளக்க வேண்டியதில்லை, பேசினால் போதும்.

கரகரக்கும் ரீடு பெரும்பாலும் பக்கச் சட்டத்தில் உரசுகிறது. திருகாணியை இறுக்கிப் பாருங்கள். போகாவிட்டால் அடிப்பக்கத்தில் நாக்கை மிக மெதுவாக நகர்த்தி நடுவில் நிறுத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இருபுறமும் சம இடைவெளி தெரிய வேண்டும்.

ஒரு ரீடு மட்டும் திடீரென்று அரைக்கட்டை இறங்கியிருந்தால் அதில் விரிசல் விழுந்திருக்கிறது. அதைச் சுரண்டி ஏற்றப் பார்க்காதீர்கள், சீக்கிரமே உடையும். குஜராத்தின் பாலிதானா ஆர்மோனிய ரீடுக்குப் புகழ்பெற்ற ஊர். அங்கு செய்யப்படும் ரீடுகள் இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். பழைய ரீடைத் தூக்கி எறியாமல், எண் எழுதிப் பெட்டியோடு வையுங்கள்.

படி 6: சுருதி சேர்த்தல்

பெட்டியை ஒரு வாரம் தினமும் வாசித்த பிறகே சுருதி பாருங்கள். முதலில் பெட்டி எந்த அளவில் சேர்க்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய வழக்கத்தில் ஆறு கட்டைச் சுருதி 440 ஹெர்ட்ஸ். பிரான்ஸில் 1859இல் வகுத்த அளவு 435. எல்லா ரீடும் ஒரே அளவில் கொஞ்சம் இறங்கியிருந்தால் அது குறை ஆகாது, பிறந்த சுருதி. அதை அப்படியே விட்டு, தனித்து விலகியவற்றை மட்டும் சேருங்கள்.

நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். நாக்குக்கு அடியில் மெல்லிய தகட்டைத் தாங்கலாக நுழைத்து, மிக நைசான அரத்தால் ஓரிரு இழுப்பு மட்டும் கொடுங்கள். தூளைத் துடைத்து, பலகையைப் பொருத்தி, மிதமான காற்றில் கேளுங்கள். காற்று மிகுந்தால் ரீடு சற்றே இறங்கி ஒலிக்கும். வெளியே எடுத்த ரீடும் உள்ளே இருக்கும் ரீடும் ஒரே சுருதியில் பேசாது.

நடு ஆக்டேவை டியூனர் செயலியால் சேருங்கள். மற்றவற்றை அதனோடு சேர்த்தமுக்கிக் காதால் சேருங்கள். இரண்டு சுரத்துக்கும் இடையே எழும் அலை மெல்ல மெல்லத் தணிந்து நின்றால் சேர்ந்துவிட்டது. ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டையில் பாடிய மரபு நம்முடையது. அந்தக் கட்டைகளைச் சுற்றியுள்ள ரீடுகள் அதிகம் உழைத்துக் களைத்திருக்கும். அவற்றுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

மவுத் ஆர்கன் சேர்ப்பவர்களுக்கு

இதே கைப்பழக்கம் பழைய குரோமாட்டிக் மவுத் ஆர்கனுக்கும் உதவும். ஜெர்மனியின் டிரோசிங்கனில் 1857இல் தொடங்கிய ஹோனர் நிறுவனத்தின் 12 துளைக் கருவியில் 48 ரீடுகள் இருக்கும். அங்கும் காற்றுதான் முதலில். ரீடுகளின் மேல் ஒட்டிய மெல்லிய வால்வு இதழ்கள் சுருண்டோ ஒட்டியோ இருந்தால் அவற்றை மாற்றுங்கள். பக்கத்துப் பொத்தானோடு நகரும் தகட்டை மட்டும் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். நடுவில் இருக்கும் மரச்சட்டத்தை நனைக்கக் கூடாது, உப்பி வெடிக்கும். நுனி ஏற்றும், அடி இறக்கும் என்ற விதி அங்கும் அதேதான்.

படி 7: மேனியும் பராமரிப்பும்

பழைய மெருகைச் சுரண்டி வார்னிஷ் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, காய்ந்த பின் தேவைப்படும் இடத்தில் மட்டும் அரக்கு மெருகு போட்டால் போதும். விரல் பட்டுத் தேய்ந்த கட்டைகளை மாற்ற வேண்டாம், அந்தப் பள்ளங்கள் வாசித்தவரின் கையெழுத்து. சித்திரை வெயிலில் வண்டிக்குள் பெட்டியை விட்டு வைக்காதீர்கள். மழைக்காலத்தில் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

கடைசியாக, மீட்ட பெட்டியை உங்கள் ஊர் ஆர்மோனியக்காரரிடம் ஒரு நாடகத்துக்குக் கொடுங்கள். விடியும் வரை வாசித்துவிட்டு எந்தக் கட்டை தயங்குகிறது, எங்கே காற்று போதவில்லை என்று அவர் சொல்வதை எழுதி, அவற்றை மட்டும் திருத்துங்கள். பிறகும் திருவிழாக் காலங்களில் இரவல் கொடுத்துக்கொண்டே இருங்கள். வாசிக்கப்படும் பெட்டியில் பாச்சை குடியேறாது, தோல் விறைக்காது, ரீடு தூங்காது. சேகரிப்பவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த பராமரிப்பு அதுதான்.